நெல்லைச் சீமையில் செடி வளர்க்க: தார்சா முதல் மொட்டை மாடி வரை

செடி வளர்ப்பு பற்றி இன்று படிக்கக் கிடைக்கிற குறிப்புகளில் பலவும் பெங்களூர் பால்கனிக்கும் சென்னை மாடிக்கும் எழுதப்பட்டவை. அதை அப்படியே நம் ஊரில் செய்தால் பாதி ஒத்துவராது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கிழக்கே பாளையங்கோட்டையில் அதே பருவக்காற்று மழையைக் கொண்டுவராது. மண்ணை வாரி இறைக்கிற வறண்ட காற்றாகத்தான் வந்து சேரும். மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்று வண்டல். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணல். 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், இந்த வழிகாட்டி பழைய நெல்லைச் சீமை முழுமைக்கும் சேர்த்தே எழுதியது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடியை நீங்கள் தினமும் நடமாடுகிற வழியில் வையுங்கள். செடி வளர்ப்பதில் உள்ள சந்தோஷத்தில் முக்கால்வாசி சும்மா போய்ப் பார்ப்பதில்தான் இருக்கிறது. செடியைக் காப்பாற்றுவதும் அந்தப் பார்வைதான். பூச்சி வந்தது, மண் காய்ந்தது, புதுத் தளிர் விட்டது எல்லாம் தினமும் பார்ப்பவருக்கு அன்றே தெரியும். வாரத்துக்கு ஒருமுறை மாடி ஏறுகிறவருக்குச் செடி வாடிய பிறகுதான் தெரியும்.

முதல் வேலை: வெயிலையும் காற்றையும் பார்ப்பது

விதையோ தொட்டியோ வாங்குவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் வீட்டில் இருந்து வெயில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். காலை 8 மணி, மதியம் 12, மாலை 4. எந்த மூலையில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் நேர் வெயில் விழுகிற இடம் காய்கறிக்கும் மல்லிக்கும் ரோஜாவுக்கும். காலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் வெயில் வருகிற இடத்தில் கீரை, புதினா, கற்பூரவல்லி நன்றாக வரும். வெயிலே படாமல் வெளிச்சம் மட்டும் உள்ள இடத்தை மணி பிளாண்ட் வகையறாவுக்கு விட்டுவிடலாம்.

நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது மேற்குப் பக்கம். சித்திரையில் பிற்பகல் 3 மணிக்கு மேற்கு பார்த்த சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியில் வேர் வெந்துபோகும். ஆடிக்காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. தரை இருக்கிற வீட்டில் மேற்கு ஓரமாக மருதாணியோ செம்பருத்தியோ வரிசையாக நட்டுவிட்டால் இரண்டையும் அது தாங்கிக்கொள்ளும். மாடி என்றால் மேற்குக் கைப்பிடிச் சுவருக்கு மேலே 50 சதவீதப் பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். சிலர் தகரத்தைக் கட்டுகிறார்கள், அது வேண்டாம். தகரத்தில் மோதுகிற காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழுந்து செடியை இன்னும் மோசமாக ஆட்டும். வலை காற்றைத் தடுத்து நிறுத்தாமல் அதன் வேகத்தை மட்டும் குறைத்து அனுப்பும்.

மாடியின் பலத்தையும் யோசிக்க வேண்டும். ஈர மண் ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிலோ அளவுக்கு வரும். பெரிய தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே ஓரமாக வையுங்கள், நடு மாடியில் குவிக்காதீர்கள். மரக்கட்டை போட்ட பழைய மட்டப்பா வீடு என்றால் மேலே தொட்டி வைக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு முற்றத்தையும் புறவாசலையும் பயன்படுத்துங்கள்.

அப்புறம், காலையில் காப்பியோடு எங்கே போய் நிற்பீர்கள்? அந்த இடத்துக்கு எதிரே உங்களுக்கு மிகவும் பிடித்த செடியை வையுங்கள். கறிவேப்பிலை அடுக்களையிலிருந்து நான்கு எட்டு வைத்தால் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

தண்ணீர்

குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டுக்குக் கவலை குறைவு. பாபநாசம் அணையில் 143 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பேப்பரில் பார்க்கிற பழக்கம் நம் ஊர்க்காரர்களுக்குச் சும்மா வரவில்லை. சிரமம் போர் தண்ணீரை நம்பியிருக்கிற வீடுகளில்தான். பல தெருக்களில் அது உப்பு. கடலோரம் போகப் போக இன்னும் அதிகம். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது அந்த உப்புதான். இலை நுனி பழுப்பாகக் காய்வதும் பெரும்பாலும் அதனால்தான்.

உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால் மூன்று காரியம் செய்யலாம். மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்து, கறிவேப்பிலை, ரோஜா, வீட்டுக்குள் இருக்கும் செடிகள் ஆகியவற்றுக்கு மட்டும் அதை ஊற்றுங்கள். ஏ.சி. இருந்தால் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை, அதையும் ஒரு வாளியில் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை, நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில், தொட்டியின் அடித் துளை வழியாக நன்றாக ஓடி வெளியேறும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீரை மட்டும் செடிக்கு விடவே வேண்டாம். வடிகட்டியதில் பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

எவ்வளவு ஊற்றுவது? விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வழிகிறவரை ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு என்று கணக்கு வைத்து ஊற்றுவதால்தான் அதிகச் செடிகள் அழுகிப் போகின்றன. காலை 8 மணிக்குள் ஊற்றிவிடுவது நல்லது. பங்குனி முதல் வைகாசி வரை மாடித் தொட்டிகளுக்கு மாலையிலும் ஒருமுறை தேவைப்படும். ஆடிக்காற்றில் வெயில் மந்தமாகத் தெரிந்தாலும் மண் வேகமாகக் காயும். வானம் மூடியிருக்கிறதே என்று நினைத்து விரல் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கட்டாயம் கொட்டுங்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு அந்தத் தட்டுத் தண்ணீரிலேயே 7 முதல் 10 நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும்.

மண் கலப்பதும் தொட்டியும்

செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கூடவே தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இதுதான் அடிப்படைக் கலவை. நார்த்தூள் கட்டியாகக் கிடைக்கும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உதிரும். அதைப் பயன்படுத்துவதற்கு முன் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். நாரில் இயற்கையாகவே உப்பு இருக்கிறது, அலசாமல் போட்டால் நாற்று கருகும்.

கரிசல் ஊர்க்காரர்கள் செம்மண்ணுக்குப் பதிலாகக் கரிசலைப் போடலாம், ஆனால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். நனைந்தால் பசையாக ஒட்டும். காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகும். அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் வேருக்குப் போகாமல் அந்த இடுக்கு வழியாகவே கீழே ஓடிவிடும். தேரி மண்ணில் சிக்கல் நேர் எதிர். தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. அங்கே குளத்து வண்டலான கரம்பை மண்ணையும் மக்கிய உரத்தையும் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

ஆற்று மணல் சேர்க்கச் சொல்லிப் பழைய குறிப்புகளில் இருக்கும். தயவுசெய்து வேண்டாம். தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராகத் தோழர் நல்லகண்ணு 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடித் தடை வாங்கிய ஊர் இது. வடிகாலுக்கு உடைத்த ஓட்டுச் சில்லும் கொஞ்சம் எம்-சாண்டும் போதும்.

தொட்டியில் எனக்குப் பிடித்தது மண் தொட்டிதான். சேரன்மகாதேவி பக்கத்துக் காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டம் வனைகிறார்கள். மண் தொட்டியின் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். அதே காரணத்தால் ஆடிக்காற்றில் சீக்கிரம் காயும் என்பதையும் சொல்ல வேண்டும். புதுத் தொட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். மாடிக்குச் சாக்குப் பை மாதிரி இருக்கிற குரோ பேக் எடை குறைவு. கறுப்பை விட வெள்ளை நிறப் பை வெயிலுக்கு நல்லது. பையோ தொட்டியோ, நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தளத்துச் சூடு ஏறாது, அடித் துளையும் அடைபடாது.

அந்தத் துளைதான் மழைக் காலத்தில் செடியின் உயிர். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழை திரும்ப வராவிட்டாலும், ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு தொட்டியின் துளையிலும் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தார்சாவுக்கு என்ன செடி

தார்சா என்கிற முன்கூடத்திலோ வீட்டுக்குள்ளோ செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று சொல்லித்தான் இப்போது பலவும் விற்கிறார்கள். 1989-ல் நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அந்த ஆய்வு காற்றுப் போக முடியாமல் மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. நம் வீடு அப்படி மூடியதா? கதவும் சன்னலும் திறந்திருக்கிற வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று 2019-ல் வெளிவந்த ஒரு மறுஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது. அதனால் அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு பச்சை, வாரத்துக்கு ஒரு புது இலை, வெளியே 40 டிகிரி அடிக்கும்போது உள்ளே துளிர்க்கிற ஒரு சுருள். செடி வைக்க இதுவே தாராளமான காரணம்.

மதியம் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடம் என்றால் மணி பிளாண்ட், சின்கோனியம், ஸ்நேக் பிளாண்ட் மூன்றும் வரும். ஸ்நேக் பிளாண்ட் நம் ஊர்க் காட்டு மருளுக்குச் சொந்தம்தான், அதன் குணமும் அதுவே. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும். மணி பிளாண்டைத் தண்ணீர் பாட்டிலில் வைப்பதானால் தண்டில் முடிச்சு இருக்கிற இடம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், வேர் அங்கிருந்துதான் வரும். தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். திருடி வைத்தால்தான் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் வாய்விட்டுக் கேட்டால் இன்னும் நீளமான கொடியாகவே வெட்டித் தருவார்.

அரேக்கா பாமை மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் இலை நுனி காயும், ஓரமாக வையுங்கள். காற்று மாதங்களில் இலை மேல் புழுதி படியும். ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துவிடுங்கள். குழந்தையோ நாயோ பூனையோ இருக்கிற வீட்டில் மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா இரண்டும் கடிக்க எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அவற்றின் இலையிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயைப் புண்ணாக்கிவிடும். வெளியே அரளி வைத்தால் அது இன்னும் கடும் விஷம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள் வைத்த செடி மெலிந்து நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி விட்டு வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. கோயில் கொடைக்கு முளைப்பாரி போட்டவர்களுக்கு இது புதிதில்லை. இருட்டறையில் வைப்பதால்தான் அந்த முளை வெளுத்த மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்கிறது. உங்கள் செடியிலும் அதைக் கண்டால் சன்னல் பக்கம் இரண்டடி நகர்த்துங்கள்.

மல்லியும் பிச்சியும்

நம் பக்கத்தில் ஒரே ஒரு பூச்செடிதான் வைப்பேன் என்று ஒருவர் சொன்னால், மல்லி வையுங்கள் என்பேன். நர்சரியில் கேட்கும்போது ராமநாதபுரம் குண்டுமல்லி என்றே கேளுங்கள். தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வருகிற பதியன் நாற்று நன்றாகப் பிடிக்கும். அண்ணாச்சி எடுத்துத் தருகிற முதல் செடியை வாங்கிக்கொண்டு வராமல், அடித்தண்டு பென்சில் தடிமனாவது இருக்கிறதா, இலையின் அடியில் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பூத்துக் குலுங்குகிற செடியை விட, பூ குறைந்து கிளை நிறைந்த செடி நல்லது.

மல்லிக்கு வெயில் முழுசாக வேண்டும். நிழலில் வைத்தால் இலை மட்டும் தழைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வதுதான் பலரும் மனம் வராமல் விடுகிற வேலை. நவம்பர் கடைசி வாரத்தில், அடை மழை ஓயும் நேரம் பார்த்து, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிடுங்கள். தொட்டிச் செடியென்றால் முக்கால் அடி விட்டால் போதும். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேல் மண்ணைக் கொத்தி, இரண்டு கைப்பிடி மக்கிய சாணி உரமும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் போடுங்கள். மொட்டையாக நிற்கிறதே என்று மனசு கலங்கும். தை பிறந்ததும் கணுவுக்குக் கணு துளிர்க்கும். மாசிக் கடைசியில் மொட்டு தெரியும்.

அந்த மொட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்வதே ஒரு ருசி. முதலில் அரிசி மணி அளவில் பச்சையாக இருக்கும். நாலைந்து நாளில் நுனியில் பச்சை வடிந்து பால்நிறம் ஏறும். இன்று மாலை விரியப் போகிற மொட்டு காலையிலேயே முழு வெள்ளையாக, திரண்டு, தொட்டால் லேசாக அமுங்கும். நாளைக்கு விரியப்போவது அடியில் ஒரு பச்சைச் சாயல் வைத்திருக்கும். காலையில் வெள்ளையை மட்டும் பறித்து ஈரத் துணியில் வைத்தால் சாயங்காலம் கட்டுகிறபோது கைக்குள்ளேயே விரியும்.

பிச்சி கொடியாகப் படரும். கம்பி கட்டி ஏற்றிவிட வேண்டும். மொட்டின் வெளிப்புறத்தில் ரோஸ் நிறம் ஓடும். கவாத்து மல்லிக்கு ஒரு மாதம் கழித்து, டிசம்பர் கடைசியில். கனகாம்பரமும் டிசம்பர் பூவும் பாதி நிழலிலும் வரும். கூடவே வைத்தால் கதம்பத்துக்கு ஆகும்.

ரோஜா வாங்கினால் பன்னீர் ரோஜா வாங்குங்கள். நம் வெயிலை அது தாங்குகிற மாதிரி வெளியூரிலிருந்து லாரியில் வருகிற பெரிய பூ ரகங்கள் தாங்குவதில்லை. அந்த ரகங்கள் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அந்த உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. வாங்கி வந்ததும் ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு உருண்டையைத் தண்ணீரில் வைத்து வேர் அறாமல் பாதிக் களிமண்ணைக் கரைத்துவிட்டு நடுங்கள்.

அடுக்களைக்கு

முதல் முறை நடுபவர்கள் கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரையை ஒரு மாதத்தில் ஒருமுறை அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, பூவாளியால் தெளித்தால் போதும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள்தூள் போடுவது வழக்கம். வெண்டையும் சீனியவரையும் நேராக விதைக்கலாம். வெண்டை 45 நாளில் காய்க்கும்.

கத்தரியில் நம் மண்ணுக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது. கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண் கல்லூரியின் கே.கே.எம். 1. முட்டை வடிவத்தில் பால் வெள்ளையாக, கொத்துக் கொத்தாகக் காய்க்கும். விதையைத் தட்டில் போட்டு, 30 முதல் 35 நாள் நாற்றானதும் ஒரு அடித் தொட்டிக்கு ஒன்று வீதம் எடுத்து நடுங்கள். மாலையில் நட்டு, மூன்று நாள் நிழல் காட்டினால் வாடாது. நம் ஊர்க் கூட்டாஞ்சோற்றுக்குப் பறித்த கையோடு போடுகிற வெள்ளைக் கத்தரியின் ருசி கடைக் கத்தரியில் வராது.

முருங்கையைத் தரை இருந்தால் மட்டும் வையுங்கள். மாடியில் டிரம்மில் வைத்தால் ஆடியில் முறியும். செடிமுருங்கை பி.கே.எம். 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்டது. அதற்கு மூலமாக எடுத்தது தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் ஊர் முருங்கையைத்தான். விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விடும், காய் கைக்கு எட்டும். சொதி வைக்கிற அன்று புறவாசலில் போய்ப் பறித்து வரலாம்.

கறிவேப்பிலை முதல் ஆண்டு வளரவே வளராதது போல நிற்கும். அப்போது இலை பறிக்காமல் விடுங்கள். மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு உருவி எடுக்காமல் கொத்தோடு ஒடித்து எடுத்தால் அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். இலை நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச் சத்து எட்டவில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் இது சகஜம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 2 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளியுங்கள். புளித்த மோரை நீர்க்க ஊற்றுகிற பழைய பழக்கத்தையும் தாராளமாகத் தொடரலாம்.

வெற்றிலை பிடிக்கும் என்றால் ஈரமும் நிழலும் உள்ள ஒரு மூலை ஒதுக்குங்கள். தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்று கணு உள்ள கொடித்துண்டை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, ஈரம் காயாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் பிடித்துவிடும்.

பூச்சி

செம்பருத்தித் தண்டில் எறும்பு சாரை ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். அவை வடிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். அந்தச் சாரையைப் பின்தொடர்ந்தால் கொழுந்து இலையின் அடியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பது தெரியும். முதலில் அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மறுநாள் மாலை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை வீதம் மூன்று வாரம் தெளித்தால் அடங்கிவிடும். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் ஒரு புழு வரும். சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலை மேல் அசையாமல் கிடக்கும். வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலையிலிருந்து ஒரு கொம்பை நீட்டி வாடை விடும். அது பட்டாம்பூச்சிக் குஞ்சு. செடி பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள், மரம் ஒன்றும் சாகாது. சிறு செடியென்றால் இலையோடு எடுத்து, பெரிய கறிவேப்பிலை மரம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டு வைத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு புழுவை மட்டும் காற்றோட்டமான டப்பாவில் தினமும் புது இலை போட்டு வளர்க்கச் சொல்லுங்கள். கூடு கட்டி, இறக்கை விரித்துப் பறக்கும்வரை அவர்கள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

மாதக் கணக்கு

நம் சமவெளிக்குச் செடி வைக்க நல்ல காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்கு மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை மாடிக்காரர்கள் இப்படி எடுத்துக்கொள்ளலாம்: ஆடியில் தட்டில் விதையுங்கள், நாற்றை ஆவணியில் வெளியே கொண்டுபோங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் இருப்பதால் ஆனியிலேயே நடலாம். மழை ஓயும் நேரம் கவாத்து செய்த மல்லிக்குத் தவிர, ஐப்பசி, கார்த்திகையில் புது உரம் போடாதீர்கள், மழையோடு போய்விடும். பதியன் போடுவதும் கிளை ஊன்றுவதும் அப்போதுதான் எளிது. மார்கழி, தையில் எதை வைத்தாலும் வரும். சித்திரை, வைகாசியில் புதிதாக எதுவும் நடாமல், இருப்பதற்கு நிழல் காட்டி, தொட்டி மண்ணுக்கு மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டை பரப்பி மூடிவையுங்கள். அந்தச் சருகு பிறகு உரமாகும். ஆனி வந்ததும் எல்லாச் செடிக்கும் குச்சி நட்டுக் கட்டுங்கள். கயிற்றை எட்டுப் போல் சுற்றித் தளர்வாகக் கட்டினால் தண்டு அறுபடாது.

உரம் என்று பார்த்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவது போதும். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி. காய்கறித் தோலை ஒரு துளையிட்ட வாளியில், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சருகு சேர்த்துப் போட்டுவந்தால் மூன்று மாதத்தில் மக்கும். உப்பும் எண்ணெயும் பட்ட சாப்பாட்டு மிச்சத்தை அதில் சேர்க்காதீர்கள்.

விதை எடுத்து வைக்க

கத்தரிச் செடியில் நல்ல கொத்தில் ஒரு காயைப் பறிக்காமல் விடுங்கள். அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டுங்கள். வெள்ளை போய் நன்றாக மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆனதும் பறித்து, பிசைந்து தண்ணீரில் போடுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்குகிற விதையை மட்டும் அலசி எடுத்து, நிழலில் துணி மேல் பரப்பி ஒரு வாரம் காயவிடுங்கள். வெண்டை, அவரை, சீனியவரையைச் செடியிலேயே காய்ந்து சலசலக்கும்வரை விட்டு எடுங்கள். கொஞ்சம் அடுப்புச் சாம்பலில் புரட்டி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ரகத்தின் பேரையும் மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு மூடுங்கள். அடுத்த ஆடிக்கு உங்களுக்கு எடுத்தது போக மிச்சத்தை, போன தடவை மணி பிளாண்ட் தந்தாரே, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள்.